பந்தி

உப்புப் பாத்தி முடிந்து
இருபது எட்டு வைத்தால் எங்கள் கொல்லை.
அறுபது சென்ட். முண்டு மிளகாய்.
கொண்டல் அடித்த மறுநாள்
இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும்.

மிளகாய் முளைக்கும் முன்பே
வரப்பைச் சுற்றி ஆமணக்கு ஊன்றிவிட்டேன்.
வாடை நுழைகிற பக்கம் நெருக்கிச் சோளம்.
இடையிடையே செண்டுப்பூ.
“மிளகாய் போட்டியா, கதம்பம் கட்டுறியா?”
என்றார் பக்கத்துக் கொல்லை சீனிமுகமது,
முதுகில் தெளிப்பானும்
மூக்கைச் சுற்றித் துண்டுமாக.

கார்த்திகைக் கடைசியில்
ஆமணக்கு இலைகள் சல்லடையாயின.
நரம்பு மட்டும் மிச்சம்,
கிழிந்த வலையைக் கொம்பில் தொங்கவிட்டதுபோல.
பார்த்தவர்கள் துக்கம் விசாரித்தார்கள்.
எனக்கோ சிரிப்பு.
தன் வீட்டுப் பந்தியில்
இலை காலியானால் யாராவது அழுவார்களா?

கடலுக்குப் போகாத நாளில்
நம்புராசன் வந்து பார்த்தான்.
இரை வைப்பது என் புருசனின் தொழில்.
கண்ணைச் சுருக்கிக் கேட்டான்:
“இரை சரி. முள் எங்கே?”

முள்ளை நான் யோசிக்கவே இல்லை.
புழுவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.
தின்று கொழுத்தவை மண்ணுக்குள் போய்
கூடு கட்டி, அந்தாகி
மறுபடி இறங்கப்போவது எங்கே?

மறுநாளிலிருந்து முள் நான்தான்.
விடியுமுன், செல்போன் வெளிச்சத்தில்
ஆமணக்கின் அடியிலையைத் திருப்புவேன்.
பழுப்புப் பஞ்சு ஒட்டினாற்போல் முட்டைக் குவியல்,
கட்டைவிரல் நகத்தளவில் ஒரு ஊர்.
இலையோடு கிள்ளிச் சோப்புத் தண்ணீர் வாளியில்.
ஆமணக்கிடம் மன்னிப்புக் கேட்டதில்லை.
கேட்க நினைத்ததுண்டு.
கேடு உனக்கு வரட்டும் என்றே
தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் நான்.

தை பிறந்தது.
மாட்டுப் பொங்கலுக்குச் சாயல்குடியில் பூ இல்லை.
கிலோ நூற்றுநாற்பது என்றாள் பூக்கடை அங்காளம்.
செண்டு முழுக்கப் பறித்தேன், மொட்டைக்கூட விடவில்லை.
ஏழு கிலோ.
பிள்ளைக்குச் சட்டை,
என் கொலுசுக்குத் திருகு,
மிச்சம் வள்ளத்து டீசலுக்கு.

ஒன்பதாம் நாள்
மிளகாய்க் காயில் ஓட்டை.
பூவில் முட்டையிட வந்த அந்துகள்
பூவைக் காணாமல்
அடுத்த கதவைத் தட்டியிருக்கின்றன.
அவற்றின் மேல் என்ன தப்பு.
பந்தி நடுவே இலையை எடுத்தவள் நான்.

கீழ ஓரம் நாலு பாத்தி போனது.
தெளிப்பான் இரவல் கேட்கக் கிளம்பினேன்.
சோளத்தருகே நின்றேன்.
தட்டையில் ஒரு கரிச்சான்
வாலைப் பிளந்து வைத்துக்கொண்டு
இறங்கும், கொத்தும், ஏறும்.
சோளத்து அசுவினியைத் தின்று வளர்ந்த பொறிவண்டு
மிளகாய்க் கொழுந்துவரை வந்திருந்தது.
யாரும் கூலி பேசி அழைக்கவில்லை.
மருந்தடித்தால் முதல் சாவு இதற்கு.

திரும்பிவிட்டேன்.
தைரியம் என்று சொல்லமாட்டேன்.
கால் அப்படித் திரும்பியது,
அன்று இரவு தூக்கம் இல்லை.

பங்குனியில் மணலில் காய் பரப்பினோம்.
போன வருசத்தைவிட ஒன்றரை மூட்டை குறைவு.
மருந்துக்கடைப் பாக்கி மட்டும்
இந்த வருசம் ஏறவில்லை.
நம்புராசன் இரண்டையும் கூட்டிக் கழித்து
பீடி பற்றவைத்தான்,
ஒன்றும் சொல்லவில்லை.

அந்தி சாய்கையில் சீனிமுகமது
வரப்போரம் வந்து தொண்டையைச் செருமினார்.
வானத்தைப் பார்த்தார். கடலைப் பார்த்தார்.
“அந்த ஆமணக்கு விதை
ஒரு உழக்கு கிடைக்குமா?”

முந்தானையில் அள்ளிக் கொடுத்தேன்.
விளக்கணைத்துப் படுத்தபின்தான் உறைத்தது:
முள்ளைப் பற்றிச் சொல்லவில்லை.